நஸ்ரீன் என்றால் உதவுபவளா? உருதுப் பெயர்களின் பொருளும் பூர்வீகமும்

கேள்வி இது: "எங்கள் வீட்டில் தமிழ், மனைவி வீட்டில் உருது. பிறந்த மகளுக்கு நஸ்ரீன் என்று பெயர் வைக்க ஆசை. ஒரு தளத்தில் 'உதவுபவள்' என்கிறார்கள், இன்னொன்றில் 'வெற்றி', மூன்றாவதில் 'காட்டு ரோஜா'. எது சரி? உருதுப் பெயர்கள் எல்லாமே அரபிதானா? ஒரு பெயரின் பொருளை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?"

காட்டு ரோஜாதான் சரி. நஸ்ரீன் பாரசீகச் சொல். வெள்ளையாகப் பூத்து மணம் வீசும் ஒருவகைக் காட்டு ரோஜாவை அப்படிச் சொல்வார்கள். மற்ற இரண்டு பொருளும் ந-ஸ-ர என்ற அரபி வேரிலிருந்து வந்தவை. நாசிர் என்றால் உதவுபவர். மன்சூர் என்றால் உதவப்பட்டவர், அதாவது இறைவன் துணையால் வென்றவர். நுஸ்ரத் என்றால் உதவி, வெற்றி. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக யாரோ நஸ்ரீனையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள், மற்றவர்கள் அப்படியே நகல் எடுத்துவிட்டார்கள். உருதுவில் எழுதிப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. நாசிர், மன்சூர், நுஸ்ரத் மூன்றிலும் நடுவில் இருப்பது 'ஸுவாத்' என்ற எழுத்து. நஸ்ரீனில் இருப்பது 'ஸீன்'. உருது பேசுபவர் வாயில் இரண்டும் ஒரே 'ஸ'தான். ஆனால் எழுத்து வேறானால் வேரும் வேறு, பொருளும் வேறு.

உருதுப் பெயர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது: காதால் கேட்டுப் பொருள் சொல்ல முடியாது. அரபியில் தனித்தனியாக ஒலித்த எழுத்துகளைப் பாரசீகர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ப ஒன்றாக்கிவிட்டார்கள். உருது அந்தப் பாரசீக உச்சரிப்பைத்தான் எடுத்துக்கொண்டது. எழுத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதனால் உருதுவில் 'ஸ'வுக்கு மூன்று எழுத்து, ஆங்கில இஸட் ஒலிக்கு (தமிழில் பெரும்பாலும் 'ஜ' என்று எழுதுவது) நான்கு எழுத்து. 'நஜீர்' என்று ஒருவர் சொன்னால் அது 'ஜால்' என்ற எழுத்தைப் போட்டு எழுதும் நஜீரா (எச்சரிப்பவர்), 'ஜோய்' என்ற எழுத்தைப் போட்டு எழுதும் நஜீரா (நிகர், உவமை) என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிறந்த கவிஞர் நஜீர் அக்பராபாதி இரண்டாவது வகை. பேநஜீரும் அதே வகைதான். 'பே' என்ற பாரசீக முன்னொட்டுக்கு 'இல்லாத' என்று பொருள், ஆக பேநஜீர் என்றால் நிகரில்லாதவள்.

தமிழில் எழுதும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. 'சாகிர்' என்று ரேஷன் கார்டில் இருக்கிறது என்று வையுங்கள். அது ஷாகிர் ஆக இருந்தால் நன்றியுள்ளவர். ஜாகிர் ஆக இருந்தால் இறைவனை நினைவுகூர்பவர். சாஹிர் ஆக இருந்தால் மந்திரவாதி. மூன்றும் புழக்கத்தில் உள்ள பெயர்கள்தான்.

சரி, எல்லாமே அரபிதானா என்ற கேள்விக்கு வருவோம். இல்லை. எண்ணிக்கையில் அரபிதான் அதிகம், ஏனென்றால் மார்க்கம் சார்ந்த பெயர்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆனால் உருதுப் பெயர்களுக்கு ஒரு தனி வாசனை இருக்கிறதே, அதைத் தந்தது பாரசீகம். இவற்றுக்கு அடியில் கொஞ்சம் துருக்கியும், பலர் கவனிக்காமல் விடும் நாட்டு மொழியும் இருக்கின்றன. சிங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அசத், ஹைதர், அப்பாஸ், கஜன்ஃபர், ஜைகம் எல்லாம் சிங்கத்தைக் குறிக்கும் அரபிப் பெயர்கள். ஷேர் பாரசீகம். அர்ஸ்லான் துருக்கி. வட இந்தியாவில் ஒரே தெருவில் இந்த ஏழில் நாலைந்தைக் கேட்கலாம். நபியின் மருமகன் அலிக்கு 'இறைவனின் சிங்கம்' என்ற பட்டம் உண்டு. அந்தப் பாசத்தில்தான் சிங்கப் பெயர்கள் இவ்வளவு பெருகின. மைசூரின் ஹைதர் அலி பெயரில் அது அப்படியே இருக்கிறது. கவிஞர் காலிபின் இயற்பெயரான அசதுல்லாவுக்கும் அதே பொருள்தான்.

அரபிப் பெயர்களைப் புரிந்துகொள்ள வேரைப் பிடிக்க வேண்டும். ஹ-ம-த என்பது புகழ்ச்சியின் வேர். 'அல்ஹம்துலில்லாஹ்' என்பதில் வரும் ஹம்து அதுதான். அதிலிருந்து முஹம்மத் (மிகவும் புகழப்பட்டவர்), அஹ்மத் (புகழுக்கு மிகத் தகுந்தவர்), மஹ்மூத் (புகழப்பட்டவர்), ஹாமித் (புகழ்பவர்), ஹமீத் (புகழுக்குரியவர்). வேர் தெரிந்துவிட்டால் ஒரே மூச்சில் ஐந்து பெயர் விளங்கிவிடும். அப்துல் என்பது மட்டும் முழுப் பெயரே இல்லை, 'இன்னாரின் அடியான்' என்பதன் முன்பாதி. பின்னால் ரஹ்மான், கரீம், காதிர் என்று இறைவனின் பெயர் ஒன்று வந்தால்தான் பொருள் முடியும். அலுவலகத்தில் "மிஸ்டர் அப்துல்" என்று கூப்பிடும்போது பலருக்கு நெருடுவது அதனால்தான். 'உத்தீன்' என்று முடிபவை ஒரு காலத்தில் பட்டங்கள்: நிஜாமுத்தீன் மார்க்கத்தின் ஒழுங்கு, ஷம்சுத்தீன் மார்க்கத்தின் சூரியன், முஹியுத்தீன் மார்க்கத்துக்கு உயிரூட்டியவர். நம் ஊர் மைதீன், முகைதீன், மொகிதீன் எல்லாம் அந்த முஹியுத்தீன்தான். பக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானியின் பட்டம் அது. காதரும் அவர் பெயரிலிருந்து வந்ததே.

அரபிச் சொல்லாக இருந்தும் அரபு நாட்டில் காண முடியாத பெயர்களும் உண்டு. குலாம் ரசூல், குலாம் அலி போன்றவை அப்படி. அரபியில் குலாம் என்றால் முதலில் சிறுவன், இளைஞன். பாரசீகத்திலும் உருதுவிலும் அடிமை, தொண்டன் என்ற பொருளே நிலைத்தது. 'ரசூலின் தொண்டன்' என்று அன்போடு வைக்கும் பெயர் இது. இறைவனுக்கு மட்டும்தான் அடிமை என்று வாதிடுபவர்கள் இப்போது இதைத் தவிர்க்கிறார்கள். இன்னொன்று, 'அத்' என்று முடியும் ஆண் பெயர்கள்: ஷவ்கத், ஹஷ்மத், ஹிதாயத், இனாயத், கராமத். அரபி இலக்கணத்தில் இவை எல்லாம் பெண்பால் சொற்கள். பாரசீகத்தில் ஆண்பால் பெண்பால் வேறுபாடே கிடையாது, அதனால் அங்கே இவை தயக்கமில்லாமல் ஆண்களுக்கும் பெயராகின. உருதுவிலும் அப்படியே தொடர்ந்தது. நுஸ்ரத் ஃபதே அலி கான் ஆண், நுஸ்ரத் பூட்டோ பெண். நசீம் (தென்றல்), ஷமீம் (நறுமணம்), மும்தாஜ் (தனிச்சிறப்புடையவர்), குர்ஷித் (சூரியன்) எல்லாம் இருபாலருக்கும் உண்டு. பெண்ணுக்குரிய பெயர் என்று தெளிவாகத் தெரிய பின்னால் பேகம், பானு, காத்தூன் என்று சேர்ப்பார்கள். இதில் பேகம் துருக்கி, 'பேக்' என்ற பட்டத்தின் பெண்பால்.

பாரசீகப் பெயர்களில்தான் எனக்கு மனம் அதிகம் நிற்கும். பூவும் நிலவும் விண்மீனும் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. குல்னார் மாதுளம்பூ. ஷப்னம் பனித்துளி, சொல்லைப் பிரித்தால் 'இரவின் ஈரம்'. நர்கிஸ் ஒரு பூ, கவிதையில் காதலியின் கண்ணுக்கு உவமை. மாஹ்ஜபீன் நிலவு போன்ற நெற்றியுடையவள், நடிகை மீனா குமாரிக்கு வீட்டில் வைத்த பெயர். ஷபானா 'இரவுக்குரியது', இணையப் பெயர்ப் பட்டியல்கள் இதையும் 'இளவரசி' ஆக்கிவைத்திருக்கின்றன. பர்வீன் என்பது நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டம். அதே கூட்டத்துக்கு அரபியில் சுரையா. ஒரே வீட்டில் பர்வீன், சுரையா என்று அக்கா தங்கை இருந்தால் இருவருக்கும் பெயர் ஒன்றுதான், மொழிதான் வேறு. சுஹைல் நம் அகத்திய நட்சத்திரம், தென்வானில் பளிச்சென்று தெரிவது. ஸொஹ்ரா அரபியில் வெள்ளிக் கோள், அதுவே பாரசீகத்தில் நாஹித்.

மொகலாய அரண்மனை இந்தப் பாரசீக ரசனையின் உச்சம். ஜஹாங்கீர் உலகைக் கைப்பற்றியவன், ஷாஜஹான் உலகின் அரசன், அவுரங்கசீப் அரியணைக்கு அழகு, ஜஹானாரா உலகை அலங்கரிப்பவள். இவற்றில் சில பிறந்தபோது வைத்த பெயர்கள் அல்ல. ஜஹாங்கீர் பிறந்தபோது சலீம், ஷாஜஹான் பிறந்தபோது குர்ரம், அதாவது மகிழ்ச்சியானவன். நூர்ஜஹானின் முதல் பெயர் மெஹ்ருன்னிசா, பெண்களுள் சூரியன். 'மெஹ்ர்' பாரசீகம், 'உன்னிசா' அரபி. அவுரங்கசீப்பின் மகள் ஸேபுன்னிசாவும் இதே ஒட்டுதான்: பாரசீக 'ஸேப்' அழகு, அரபி 'நிசா' பெண்கள். அரபு நாட்டில் இப்படி ஒட்டமாட்டார்கள். இரண்டு மொழியை ஒரே பெயரில் கூச்சமில்லாமல் சேர்ப்பதுதான் இந்தியாவில் வளர்ந்த உருதுப் பெயரின் அடையாளம் என்று நான் சொல்வேன்.

நெடுந்தூரம் பயணம் செய்து வந்த பெயர்களும் உண்டு. நீலோஃபர் அதில் முதலிடம். சமஸ்கிருதத்தில் நீலோத்பலம், நம் இலக்கியத்தில் நீலோற்பலம். பாரசீகத்துக்குப் போய் நீலூஃபர் ஆகி, அங்கிருந்து துருக்கிவரை போனது. ஆட்டமன் அரச குடும்பத்தில் பிறந்து ஐதராபாத் நிஜாமின் இரண்டாவது மகனை மணந்த இளவரசி நீலோஃபர் வழியாக அது மறுபடி தக்காணத்துக்கு வந்தது. ஐதராபாத்தில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். சிக்கந்தர் என்பது கிரேக்க அலெக்சாந்தர். முன்னால் இருந்த 'அல்'லை அரபிக்காரர்கள் தங்கள் மொழியின் முன்னொட்டு என்று நினைத்துக் கழற்றிவிட்டார்கள். ருக்சானா அந்த அலெக்சாந்தரின் மனைவி ரோக்சானாவின் பெயர், 'ஒளிர்பவள்' என்ற பொருள் கொண்ட பழைய ஈரானியச் சொல். பாரசீகத்தில் 'ருக்' என்றால் முகம் என்பதால் 'அழகிய முகத்தாள்' என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 2,300 ஆண்டு கழித்தும் அந்தத் தம்பதியின் பெயர்கள் லாகூரிலும் லக்னோவிலும் தெருவில் கூப்பிடப்படுகின்றன.

இந்தப் பெயர்கள் முஸ்லிம்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பதும் சரியில்லை. ஜவஹர்லால் என்ற பெயரில் உள்ள ஜவஹர், பாரசீக 'கௌஹர்' (மணி) அரபிக்குப் போய் 'ஜௌஹர்' ஆகி, அதன் பன்மையாகத் திரும்பி வந்தது. குல்சாரிலால் நந்தாவின் குல்சார் பாரசீக ரோஜாத் தோட்டம். லால் பகதூர் சாஸ்திரியின் பகதூர் மங்கோலியப் புல்வெளியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. மங்கோலியத் தலைநகர் உலான் பத்தோரில் உள்ள 'பத்தோர்' அதே சொல், வீரன் என்று பொருள். நாடு விடுதலையான பின் பிரதமர் நாற்காலியில் முதலில் இருந்த மூன்று பேர் பெயரிலும் உருது உலகத்தின் சொல் இருந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் காயஸ்தர்களும் காஷ்மீரி பண்டிதர்களும் பஞ்சாபியரும் உருதுவில் படித்து எழுதிய காலத்தின் தடம் அது. கவிஞர் ஃபிராக் கோரக்பூரியின் இயற்பெயர் ரகுபதி சகாய். ஃபிராக் என்றால் பிரிவு.

அரண்மனைக்கும் கவியரங்குக்கும் வெளியே, வயலிலும் பட்டறையிலும் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்களைப் பட்டியல்கள் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அது வருத்தம். வெள்ளிக்கிழமை பிறந்தவன் ஜும்மன், ரமலானில் பிறந்தவன் ரம்ஜானி, பாவமன்னிப்பு வேண்டும் புனித இரவான ஷபே பராஅத்தில் பிறந்தவன் ஷுப்ராத்தி. முன்பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் கண்ணேறு படாமலிருக்க கசீட்டா என்று வைப்பார்கள், தரையில் இழுக்கப்பட்டவன் என்று பொருள். நம் ஊரில் குப்பன், குப்பம்மாள் என்று வைத்ததும் அதே பயத்தில்தான். அல்லா ரக்கா என்ற பெயரில் 'ரக்கா' அச்சு அசலான பஞ்சாபி, இந்தி: அல்லாஹ் காத்தவன். ஜம்முவில் பிறந்த தபேலா மேதை அல்லா ரக்காவுக்கும் நம் இசையமைப்பாளர் அல்லா ரக்கா ரஹ்மானுக்கும் அந்தப் பெயர். 'இறைவன் கொடுத்தது' என்பதைப் பஞ்சாபி விவசாயி அல்லா தித்தா என்பார், பாரசீகம் படித்தவர் குதாதாத் என்பார், மவுலவி அதாவுல்லா என்பார். மூன்றும் ஒரே நன்றி.

உருது மரபில் எண்ணைப் பெயருக்குள் ஒளித்து வைக்கும் பழக்கமும் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, கூட்டினால் பிறந்த ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டு வர வேண்டும். இதை 'தாரீகி நாம்' என்பார்கள். மவுலானா அபுல் கலாம் ஆசாத்துக்கு அப்படி வைத்த பெயர் ஃபிரோஸ் பக்த், வெற்றியும் நற்பேறும். கூட்டிப் பாருங்கள். ஃபிரோஸ்: ஃபே 80, யே 10, ரே 200, வாவ் 6, இஸட் ஒலியுள்ள எழுத்து 7. ஆக 303. பக்த்: பே 2, கே 600, தே 400. ஆக 1,002. மொத்தம் 1305. ஹிஜ்ரி 1305 என்பது 1887-88. இயற்பெயர் முஹியுத்தீன் அஹ்மத், அதாவது நம் மைதீன். 'அபுல் கலாம்' அவருடைய நாவன்மைக்கு வந்த அரபிப் பட்டம், சொல்லின் தந்தை. ஆசாத் பாரசீகப் புனைபெயர், சுதந்திரமானவன். நாடு முழுக்கத் தெரிந்த அந்தப் பெயரில் பெற்றோர் வைத்த இயற்பெயரின் ஒரு சொல்கூட இல்லை. காலிப், ஜிகர் என்று உருதுக் கவிஞர்கள் பலரையும் நாம் அறிவது இப்படித்தான்.

இனி உங்கள் வீட்டு விஷயம். தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரும்பாலும் அரபிப் பெயர்கள் கடல் வழியாக நேரே வந்தன. காயல்பட்டினம், கீழக்கரை வணிகத்தோடும், தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத் தமிழோடும் வந்தவை அவை, நடுவில் பாரசீகம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, திருவல்லிக்கேணி உருதுக் குடும்பங்களின் பெயர்கள் தக்காணம், ஆற்காட்டு நவாபுகள் வழியாக வந்தவை. வாலாஜாபேட்டை, வாலாஜா சாலை என்பதில் உள்ள வாலாஜா, நவாப் முஹம்மது அலியின் பாரசீகப் பட்டம், 'உயர்ந்த நிலையுடையவர்'. வழி மாறினால் ஒலியும் மாறும். அரபியின் 'ளாத்' என்ற எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் 'ழ' என்பார்கள், உருதுக்காரர்கள் இஸட் என்பார்கள். அதனால் உங்கள் வீட்டில் ரமழான், மனைவி வீட்டில் ரம்ஜான். ஒரே பெயரை உங்கள் உறவினர் ரிழ்வான் என்றும் அவர்கள் உறவினர் ரிஸ்வான் என்றும் எழுதுவதும் இதனால்தான். இரண்டும் சரியே. யாரையும் திருத்த வேண்டாம்.

நீங்களே பொருள் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் மாமனார் மாமியாரிடமோ பள்ளிவாசல் இமாமிடமோ அந்தப் பெயரை உருது எழுத்தில் எழுதி வாங்குங்கள். எழுத்து கையில் இல்லாமல் எந்தத் தளத்தையும் திறக்காதீர்கள். அப்புறம் 1884இல் வெளியான ஜான் பிளாட்ஸின் உருது அகராதியில் தேடுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அது அரபியா, பாரசீகமா, சமஸ்கிருதமா, இந்தி மொழியா என்று ஓர் எழுத்தால் குறித்திருப்பார். அதில் ஒரு பொருள், தளத்தில் வேறு பொருள் என்றால் அகராதியை நம்புங்கள். 'அழகி', 'இளவரசி', 'சொர்க்கத்தின் மலர்' என்று பொருள் போட்டிருந்தால் இன்னும் கவனமாகச் சரிபாருங்கள். காதுக்கு இனிமை என்பதற்காகக் குர்ஆனிலிருந்து ஏதோ ஒரு சொல்லை எடுத்து வைப்பதும் இப்போது அதிகமாகிவிட்டது. அது அங்கே என்ன பொருளில் வருகிறது என்று ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

நஸ்ரீன் நல்ல பெயர், தாராளமாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழில் 'நஸ்ரீன்' என்றே எழுதச் சொல்லுங்கள், 'நசுரீன்', 'நஜ்ரின்' என்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் என்ன எழுத்துக் கூட்டு போடுகிறீர்களோ அதையே ஆதார், பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் போடுங்கள். உருதுவில் நூன், ஸீன், ரே, யே, நூன்.